சுருட்ட வேண்டிய கொடி

"எங்க ரெண்டு பேர்ல யாரைப் புதைக்கப் போறீங்க, வெர்னா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார் கர்னல் ஹாஸ்கர். கையிலிருந்த டோனட் பெட்டியை மேசையில் வைத்தார்.

கொலராடோ தளத்தில் விண்வெளிப் படையின் வரலாற்றை எழுதி வைப்பவள் வெர்னா. எதிரி ஏவுகணை வருகிறதா என்று வானத்தைக் கண்காணிக்க அங்கே இரண்டு பிரிவுகள்; ஒன்றுக்குத் தலைவர் ஹாஸ்கர். இரண்டின் பூர்வீகத்தையும் தேடச் சொல்லித் தலைமையகம் கேட்டதும், ஒன்றை மூடப் போகிறார்கள் என்று தளம் முழுக்க ஒரே பேச்சு. மூடுவதென்றால் பழைய பிரிவு பிழைக்கும். இளையதன் கொடியைச் சுருட்டி உறையில் போடுவார்கள்.

"லஞ்சமா, சார்?"

"பாசம்! உங்க மக கெல்சியும் எங்க பிரிவுதானே? நாங்க போனா அவளும்ல வீட்டுக்குப் போகணும்!"

வெர்னாவுக்கு வேண்டியதே அதுதான். அந்தப் பிரிவின் ரேடார் நிலையத்தில், கிரீன்லாந்துப் பனியில் கிடக்கும் மகள் வீடு வந்து சேர்ந்தால் போதும். பெற்ற மனம் வேறென்ன கேட்கும்?

"உங்க பூர்வீகம் கொரியப் போர் வரைக்கும்தான் போகுது, சார். அவங்க விமானப் பிரிவா இருந்தப்போ ரெண்டாம் உலகப் போர்லயே குண்டு போட்டவங்க. நீங்கதான் சின்னவங்க."

கர்னலின் முகம் தொங்கிப்போனது. "அப்போ எங்க கதை முடிஞ்சுதா?"

"பிரிவு சாகாது, தூங்கும். பேரும் கொடியும் கிடங்குல பத்திரமா இருக்கும். பெரிய போர் வந்தா எழுப்புவாங்க."

"அதான் காலையில எல்லாரோட லீவையும் ரத்து பண்ணாங்களா! மூட்டை கட்டச் சொல்றாங்க. ஆனா, அந்தப் பிரிவுக்கும் ஏன் ரத்துன்னுதான் புரியல."

கெல்சி சனிக்கிழமை லீவில் வருவதாக இருந்தது. போகட்டும், இனி ஒரேயடியாக வரப்போகிறாளே என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஒரு டோனட்டை எடுத்தாள் வெர்னா.

தொலைபேசி ஒலித்தது. தலைமையகத்திலிருந்து ஜெனரல்.

"கண்டுபிடிச்சிட்டேன், சார்! மூட வேண்டியது ஹாஸ்கர் பிரிவைத்தான்" என்றாள் அவசரமாக.



"மூடப் போறோம்னு யார் சொன்னது, வெர்னா? பூர்வீகத்தைக் கேட்டதே, கிடங்குல தூங்குற பிரிவு அத்தனையையும் எழுப்பத்தான்."