முகூர்த்த நாளில் விழுங்காத மாத்திரை

"சார், பாத்ரூம் சாவிய எங்கம்மாகிட்ட குடுங்க."

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். காந்தி ரோட்டுப் பட்டுக்கடையின் வெள்ளை விளக்குகளுக்குக் கீழே, மாம்பழ மஞ்சள் புடவையொன்றைத் தோளில் விரித்துக் காட்டியபடி அவள் நிற்கிறாள். கால் வீங்கி, கொலுசு சதைக்குள் புதைந்திருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு டாக்டர் தந்த மாத்திரை அடிக்கடி சிறுநீர் போகவைக்கும். இன்றுபோல் கூட்டம் நெரியும் முகூர்த்த நாளிலோ மதியம் வரை சாவி சூப்பர்வைசர் பூவராகவனின் சட்டைப்பையைவிட்டு வராது. அதனால் இங்கே விற்கும் பெண்களில் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அன்றைக்கு அதை விழுங்குவதில்லை, தண்ணீரும் குடிப்பதில்லை. இன்றைய மாத்திரை வீட்டில் அட்டையிலேயே இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஓடி வந்திருக்கிறேன். தலைவலிகூட இல்லையே என்பாள் அம்மா. அம்மாவோடு இங்கே விற்ற எஸ்தர் அக்காவுக்கும் எந்த வலியும் இல்லை. போன மாதம் புடவை விரித்துக் காட்டும் இதே மெத்தையில் புடவை மடித்துக்கொண்டிருந்தபோது வாய் கோணிச் சாய்ந்தாள்.

"காலேஜ்ல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா? கஸ்டமர் இருக்காங்க பாரு."

"கஸ்டமருக்கும் மூத்திரம் வரும் சார்."

புடவை பார்க்க வந்த கல்யாணப் பெண் சிரித்துவிடுகிறாள். அவள் தாய் முறைக்கிறாள்.

"ஜீவிதா, போம்மா. எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க." அம்மாவின் கழுத்து நரம்பு துடிக்கிறது.

"காந்தா, இப்ப வெளிய போனா நாளைக்கு வராத," என்கிறார் பூவராகவன்.

நான் அம்மாவின் தோளிலிருந்து புடவையை எடுத்து மெத்தையில் போடுகிறேன். அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறேன். கையை உருவப் பார்க்கிறாள், நான் விடவில்லை.

"வரமாட்டாங்க சார்," என்று சொல்லிக்கொண்டே கண்ணாடிக் கதவைத் தள்ளுகிறேன்.