கருவடிக்குப்பம் செல்வாம்பாள் விரும்பிக் கேட்டது

"நேரம் இல்ல நிர்மலா. இன்னும் ஒரே பாட்டுதான். உன்னுது வேணாம், கோரஸ்ல நின்னுக்க" என்றார் இராமதாஸ், கீபோர்டிலிருந்து தலையைத் தூக்காமலே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காந்தி திடலில் நம்மூர் மெல்லிசைக் குழுக்களுக்கு விழா. குழுவுக்கு இருபது நிமிடம். இருபத்தாறு வருடம் கழித்து எங்கள் குழு மேடை ஏறியிருக்கிறது. இதுவரை பாடியதெல்லாம் சினிமாப் பாட்டு. நாங்களே சொந்தமாகக் கட்டிய ஒரே பாட்டு மில் சங்குப் பாட்டு. மில் சங்கு ஊதும் ஓசையோடு தொடங்கும். அதுதான் வேண்டாமாம்.

அதைப் பாடியவள் நான். மில் தொழிலாளி மகள்.

திங்கட்கிழமை எனக்குத் தொண்டையில் ஆபரேஷன். தைராய்டு கட்டி. குரல் பழையபடி இருக்குமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார் டாக்டர்.

இன்றைக்கு விட்டால் இல்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. மேடை ஓரத்து எவர்சில்வர் தட்டில் ரசிகர் சீட்டு வந்து, அறிவிப்பாளர் அதை மைக்கில் படித்துவிட்டால், அந்தப் பாட்டைப் பாடியே தீர வேண்டும். அந்தக் காலத்தில் இராமதாஸே போட்ட சட்டம். அவராலேயே மீற முடியாது.

அப்போதெல்லாம் வீராம்பட்டினம் தேரோ, கல்யாண வீடோ, எங்கே கச்சேரி நடந்தாலும் ஒரு சீட்டு தவறாமல் வரும். 'கருவடிக்குப்பம் செல்வாம்பாள் விரும்பிக் கேட்பது, மில் சங்குப் பாட்டு.' அவளை யாரும் பார்த்ததில்லை. அவள் மட்டும் இல்லையென்றால் இராமதாஸ் என்னைக் கடைசிவரை கோரஸிலேயே நிறுத்தியிருப்பார்.

பழைய ஞாபகத்துக்காக இன்றும் தட்டை வைத்திருந்தார்கள். காலி. இந்தக் காலத்தில் யார் சீட்டு எழுதுகிறார்கள்? எல்லார் கையிலும் போன்.

தட்டு மேடையின் அந்தக் கோடியில் இருந்தது. எனக்கும் அதற்கும் நடுவே இராமதாஸ் மலை மாதிரி உட்கார்ந்திருந்தார். என் வலது கை மூடியது மூடியபடியே இருந்தது.

இராமதாஸ் கடைசிப் பாட்டுக்கு விரலைத் தூக்கினார்.

அறிவிப்பாளர் புருஷோத்தமன் தட்டருகே குனிந்தார். நிமிர்ந்தபோது கையில் ஒரு காகிதம்.

"கருவடிக்குப்பம் செல்வாம்பாள் விரும்பிக் கேட்பது, மில் சங்குப் பாட்டு!"

பின்வரிசையில் யாரோ ஒரு பழைய மில்காரர் விசிலடித்தார். இராமதாஸ் என்னை முறைத்தார். பிறகு வேறு வழியில்லாமல் கீபோர்டில் சங்கு ஊதினார்.

புருஷோத்தமன் அந்தக் காகிதத்தை என் இடது கையில் திணித்துவிட்டு மைக்கை நீட்டினார். காகிதத்தைப் பார்த்தேன். அவருடைய சர்க்கரை மாத்திரைக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவருக்கு எத்தனை வருடமாகத் தெரியும்?

மைக்கை வாங்க வலது கையைத் திறந்தேன்.

காலையில் வீட்டில் உட்கார்ந்து நான் எழுதிய செல்வாம்பாளின் சீட்டு, வேர்வையில் நனைந்து அதற்குள்ளேயே இருந்தது.