பெயர் போடாத படம்

அச்சுப் படங்கள் விற்கும் கடையின் ஜன்னலில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்ததும் க்ரோலுக்கு ரத்தம் கொதித்தது.

பெரிய நீராவி இயந்திரம். அகன்ற வாய், உப்பிய வயிறு, கீழே நான்கு குழாய்கள். தெருவில் பத்துப் பேர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அமைச்சர் ரேவன்ஸ்பி பிரபுவிடம் ஒன்பது வருடமாகச் செயலாளராக இருப்பவர் க்ரோல். சுங்கத் துறையில் ஒரு நல்ல பதவிக்காகக் காத்திருப்பவர். விறுவிறுவென்று கடைக்குள் நுழைந்தார்.

"இந்தாம்மா, அந்தப் படத்தை உடனே இறக்கு. இல்லேன்னா லண்டன்ல நீ கடை நடத்த முடியாது."

படங்களுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த கடைக்காரி மிசஸ் ஹாலம் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"அதுல என்னங்க தப்பு?"

"தெரியாத மாதிரி கேட்காதே. எதைக் கண்டாலும் உறிஞ்சுற வாய் இந்த ஊர்ல வேற யாருக்கு இருக்கு?"

"யாருக்குங்க?"

"எங்க பிரபுவுக்குத்தான். உறிஞ்சினதெல்லாம் அந்த வயித்துக்குள்ள போகுது. அப்புறம் குழாய் வழியா மச்சான், மருமகன், சகலைன்னு ஒவ்வொருத்தருக்கா போய்ச் சேருது. இதுல புகை வேற. போன வாரம் நாடாளுமன்றத்துல மூணு மணி நேரம் பேசினாரே, அந்தப் புகை. எவ்வளவு துணிச்சல் இருந்தா இப்படி வரைவீங்க?"

மிசஸ் ஹாலம் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள்.

"ஐயா, இது சாக்கடைக் குழி இறைக்கிற பம்ப்பு. ஒரு கம்பெனிக்காரங்க விளம்பரத்துக்குக் கேட்டிருந்தாங்க. எழுத்துப் பொறிக்கிறவருக்குக் காய்ச்சல். அதான் கீழே பேர் போடலை."

"அப்போ வெளியே ஏன் சிரிக்கிறாங்க?"

"அது பக்கத்துப் படத்துக்கு. பன்னி ஒண்ணு டாக்டர்கிட்ட நாக்கை நீட்டிக் காட்டுது."

க்ரோல் எட்டிப் பார்த்தார். பன்றிதான். மனசிலிருந்து பெரிய பாரம் இறங்கியது.

மறுநாள் காலை பிரபு சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தன் விசுவாசத்தை அவர் காதில் போட்டு வைக்க இதுதான் சமயம் என்று க்ரோலுக்குத் தோன்றியது.

"பெரிய வேடிக்கை, பிரபு. உங்களைக் கேலி பண்ணிப் படம் போட்டுட்டாங்கன்னு நேத்து ஒரு கடையில சண்டைக்கே போயிட்டேன். கடைசியில பார்த்தா அது வெறும் சாக்கடை பம்ப்பு."

பிரபு சிரிக்கவில்லை. வெண்ணெய் தடவிய ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

"பேரே போடாத சாக்கடை பம்ப்பு. பார்த்ததும் அது நான்தான்னு உனக்கு எப்படிய்யா தோணுச்சு?"