தாய்லாந்துக் கிருபா

“திரும்பவும் சொல்லும் தம்பி. பிளேனால இறங்கி வெளியில வந்தா என்ன நிக்கும்?”

“சிவப்பு வான் அண்ணை. பின்பக்கம் திறந்தபடி, ரெண்டு பக்கமும் இருக்கிறதுக்கு வாங்கு போட்டிருக்கும். ஏற முதல் காசைப் பேசிப்போட வேணும். ஏறினாப் பிறகு கேட்டா, வெளிநாட்டுக்காரர் எண்டு தலையில மிளகாய் அரைச்சுப் போடுவாங்கள்.”

ஓல்டனில் இருந்து தலைநகர் பேர்ண் போகும் ரயிலில் இருந்தபடி, பாலேந்திரன் அதை வாய்க்குள் முணுமுணுத்துப் பாடமாக்கினார். ஐம்பத்தெட்டு வயதில் இப்படிச் சோதனைக்குப் படிக்க வேண்டி வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

அவரிடம் இருப்பது அகதிக் கடவுச்சீட்டு. அதை வைத்துக்கொண்டு உலகமெல்லாம் சுற்றலாம், ஊருக்கு மட்டும் போகக்கூடாது. போன மார்கழியில் அம்மா இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டு கிடந்தார். கொள்ளி வைக்க இருந்த ஒரே மகன் இவர்தான். மனம் கேட்குமா? தாய்லாந்து போவதாகச் சொல்லிப் பாங்கொக்கில் இறங்கி, அங்கிருந்து களவாக யாழ்ப்பாணம் போய் வந்துவிட்டார். அதை யாரோ ஒரு புண்ணியவான் அதிகாரிகளுக்கு மொட்டைக் கடிதமாக எழுதிப் போட, இன்றைக்குப் பேர்ணில் விசாரணை. மூன்று வாரமும் வட தாய்லாந்தில்தான் நின்றேன் என்று நம்பவைக்காவிட்டால் விசா போய்விடும். இங்கே கட்டி எழுப்பிய வாழ்க்கையும் அதோடு சரி.

அதனால்தான் கிருபாகரனைப் பிடித்து, ரயிலில் தன் பக்கத்திலேயே இருத்திக் கூட்டி வந்தார். ஓல்டனில் பொதிகள் பிரிக்கும் இடத்தில் வேலை செய்யும் கிருபாகரன், முந்தின வருடம் ஒரு மாதம் வட தாய்லாந்தின் சியங்மாயில் நின்று வந்தவன். வந்த நாளிலிருந்து வாயைத் திறந்தால் அந்தக் கதைதான். கலியாண வீடோ செத்த வீடோ, “சியங்மாயில பாருங்கோ...” என்று தொடங்கிவிடுவான். சனம் அவனுக்குத் ‘தாய்லாந்துக் கிருபா’ என்றே பெயர் வைத்துவிட்டது. அவனைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கம் மாறிப் போகிற பாலேந்திரனுக்கு, இன்றைக்கு அவன் வாயில் வருவதெல்லாம் தெய்வ வாக்கு.

“காலநிலையைக் கேட்டா?”

“மாசி, பங்குனியில வயல் எரிப்பினம், ஊரெல்லாம் புகை. நீங்கள் போனது மார்கழி. பகல் நல்லா இருக்கும், ராவில மலையில குளிரும். சுவெட்டர் கொண்டு போனனான் எண்டு சொல்லுங்கோ.”

“மலைக்கோயில்?”

“முந்நூறு படி. ரெண்டு கரையிலயும் பெரிய பாம்புச் சிலை. தோள் மூடின உடுப்பு போடோணும், சப்பாத்தைக் கழட்டோணும். சின்னப்பிள்ளையெண்டாலும் ஆரின்ர தலையிலயும் கை வைக்கக்கூடாது, அவைக்குப் பிடிக்காது.”

எதிர் இருக்கையில் இருந்த மகள் சரணியா போனில் இருந்து தலையைத் தூக்கினாள். அப்பாவுக்குத் துணையாக வரத்தான் வேலைக்கு லீவு போட்டிருந்தாள்.

“அப்பா, இதெல்லாம் போனில தட்டினா வரும். அவங்களும் தட்டிப் பார்த்துப்போட்டுத்தான் இருப்பாங்கள். போன ஆளுக்கு மட்டும் தெரிஞ்சது ஏதாவது வேணும். கிருபா மாமா, உங்களிட்ட ஒரு படமாவது இல்லையோ?”

“போன் தண்ணிக்க விழுந்திட்டுதெண்டு சொன்னனே பிள்ளை.”

“அப்ப மனசில நிக்கிறதைச் சொல்லும் தம்பி,” என்றார் பாலேந்திரன். “உம்மட கால்ல விழாத குறையாக் கேக்கிறன்.”

கிருபாகரன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். பிறகு பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

“வெயில் ஆற, கடற்கரைக்குப் போயிடுவன் அண்ணை. அங்க பெரிய பெரிய கல்லு. அதில இருந்தா, அலை அடிக்கேக்க முகமெல்லாம் உப்புத் தூறும். வள்ளத்தை இழுத்துக் கரையேத்திறவங்கள் ஆளையாள் பேசிப் பகிடி விடுவாங்கள். சந்தியில ஒரு மனிசி தட்டையா, முறுகலா, நல்ல உறைப்பா வடை சுட்டுப் பேப்பரில சுத்தித் தருவா.”

“அங்கயும் வடையோ?”

“வடை மாதிரி ஒண்டு.”

அவன் கண் கலங்கிவிட்டது. பாலேந்திரனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தொடையில் ஓங்கித் தட்டினார்.

“இது! இதுதான் எனக்கு வேணும்! நேரில கண்டவன்ர வாயில இருந்துதான் இப்பிடி வரும். இதைச் சொன்னா எந்த அதிகாரியும் நம்புவான். கல்லு, அலை, வடைக்காரி... நல்லாயிருப்பாய் தம்பி!”

ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் அவருக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

“அப்பா...” சரணியாவின் முகம் வெளிறியிருந்தது. போனில் வரைபடத்தை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். “சியங்மாயில கடல் இல்லை.”

“என்ன விசர்க்கதை? நல்லாப் பார்.”

“பார்த்திட்டன். சுத்திவர மலை. கடலைக் காண ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில போகோணும்.”

அதே நேரம் அடுத்த நிறுத்தம் பேர்ண் என்று அறிவிப்பு வந்தது. பாலேந்திரன் கிருபாகரனின் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தார்.

“டேய், என்ர சீவியத்தோட விளையாடுறியோ? நீ இருந்தது எந்தக் கடலடா?”

கிருபாகரன் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்தான்.

“ஆரும் சந்தேகப்படக்கூடாதெண்டுதான் காணுற இடமெல்லாம் சியங்மாய்க் கதை சொல்லித் திரிஞ்சனான், அண்ணை. அந்த ஊரை நானும் போனிலதான் பார்த்தனான். அப்பாவுக்குக் கொள்ளி வைச்சிட்டு நான் போய் இருந்தது... எங்கட ஊர்ப் பருத்தித்துறைக் கடல்.”