புது முடி

"கத்திரிக்கோலைக் கீழ வை புள்ள!"

வாசலில் இருந்தே அன்னக்கொடி போட்ட சத்தத்தில் ஜோசப்பின் திடுக்கிட்டாள். கண்ணாடி முன்னால் நின்று, நெற்றியில் விழுந்த முடியைக் கொத்தாகப் பிடித்து வெட்டப் போனவள் அப்படியே நின்றாள்.

"வேற என்னக்கா செய்யச் சொல்றீங்க? சீப்பு உள்ள போக மாட்டேங்குது. இழுத்தா பல்லுதான் ஒடயுது. தை பொறந்தா கல்யாணம். பொண்ணு தலையில காக்கா கூடு கட்டியிருக்குன்னு மாப்பிள்ளை வீட்டுல சிரிக்கப் போறாங்க."

"அதுக்கு? கொட்டுன எடத்துலயே மொளச்சு வந்த முடி. அதைப் போயி வெட்டலாமா?"

ஜோசப்பின் கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியில் தையல் வேலை பார்ப்பவள். முந்தின வருஷத்து மழைக்காலத்தில் டைபாய்டு வந்து, பிழைப்பது கஷ்டம் என்று டாக்டரே கைவிட்ட நிலையில் கிடந்தாள். எப்படியோ உயிர் தங்கியது. இடுப்புவரை தொங்கிய நீள முடி மொத்தமும் கொட்டிவிட்டது. அதற்குப் பிறகு வளர்ந்ததோ சுருட்டை. கோரை முடியோடு பிறந்தவளுக்கு இதை எப்படிப் பராமரிப்பதென்றே தெரியவில்லை.

பக்கத்து வீட்டு அன்னக்கொடிக்குப் பிறவியிலேயே சுருட்டை. பூம்பாறையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவிழ்த்துவிட்டால் முதுகு மறைந்து போகும். சந்தையில் அவளிடம் பூண்டு வாங்க வருகிறவர்கள், விலை கேட்பதை மறந்து அவள் தலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "பொண்ணு பார்க்கப் போன அன்னைக்கு நான் இவ முடியத்தான் பார்த்தேன். மொகத்தைத் தாலி கட்டும்போதுதான் பார்த்தேன்" என்று அவள் புருஷன் நல்லசாமி சொல்லிச் சிரிப்பான்.

"காஞ்ச தலையில சீப்பு வச்சா சிக்குதான் விழும். ஒக்காரு இப்படி," என்றாள் அன்னக்கொடி.

குளிரில் உறைந்து கிடந்த தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை அடுப்போரம் வைத்து இளக்கினாள். பண்ணைக்காட்டிலிருந்து நல்லசாமி கொண்டுவந்திருந்த செம்பருத்தி இலையை அரைத்து, சோற்றுக் கஞ்சியில் கலக்கித் தலையில் தேய்த்தாள்.

"சோப்பு போடாதே, வறண்டு போகும். கொதிக்கக் கொதிக்க ஊத்தாதே, வெதுவெதுன்னு போதும்."

கஞ்சியின் வழவழப்பு இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலேறினாள். ஒரு முடிகூட அறவில்லை. தலையை அலசியதும் ஜோசப்பின் துண்டை எடுத்துப் பரபரவென்று துவட்டப் போனாள். அன்னக்கொடி அதைப் பிடுங்கிக்கொண்டு, பழைய வேட்டித் துணியால் ஒற்றி ஒற்றி ஈரம் எடுத்தாள்.

வெயிலில் உட்கார்ந்து காய்ந்த பிறகு கண்ணாடி பார்த்த ஜோசப்பினுக்கு நம்ப முடியவில்லை. சுருள் சுருளாக, பளபளவென்று வேறு யாருடைய முடியோ போல இருந்தது.

"அக்கா, இது நான்தானா?"

"நீயேதான். ஒன் மொகத்துக்குப் பழைய முடியவிட இதுதான் தாயி எடுப்பா இருக்கு."

அதன்பின் வாராவாரம், சந்தை முடிந்து எவ்வளவு அசந்து போய் வந்தாலும் அன்னக்கொடி அவள் தலையைக் கவனிக்காமல் விட்டதில்லை. தை பிறப்பதற்குள் முடி தோளைத் தொட்டது. "கல்யாணத்தன்னைக்கு நான்தான் சீவி விடுவேன். வேற யாரையும் தொட விட்டுறாதே" என்று சொல்லி வைத்திருந்தாள்.

ஆனால் கல்யாணத்துக்கு முந்தின நாள் அவளைக் காணவில்லை. வீடு பூட்டிக் கிடந்தது.

"புருஷனும் பொண்டாட்டியும் வெள்ளனே பஸ் ஏறிட்டாங்களாம். கீழ ஏதோ சோலியாம்," என்றாள் ஜோசப்பினின் அம்மா அருள்மேரி. "சோலிக்கு இன்னைக்குத்தான் நாள் கெடச்சுதாக்கும்!"

ஜோசப்பினுக்கு அழுகை முட்டியது. சொந்த அக்காவாக இருந்தால் இப்படிப் போயிருப்பாளா என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கதவு தட்டும் சத்தம். பனிக்கு முக்காடு போட்டுக்கொண்டு அன்னக்கொடி நின்றாள்.

"நேத்து எங்கக்கா போனீங்க?"

"அதையெல்லாம் அப்புறம் பேசலாம். வெரசாத் திரும்பி ஒக்காரு, பூசைக்கு நேரமாச்சு."

வெள்ளைப் பட்டும் தலையில் மெல்லிய வலைத்துணி நெட்டுமாக ஜோசப்பின் கோயிலுக்குள் நடந்து வந்தபோது, நெட்டுக்குள்ளிருந்து சுருள்கள் கன்னத்தில் விழுந்து ஆடின. மாப்பிள்ளை மரியசெல்வம் வைத்த கண் வாங்கவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அவன் அம்மா ஜோசப்பினின் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எம்புட்டு அழகான முடி! யாரும்மா இப்படிப் பாத்துப் பாத்து வளத்தது?"

"எங்கக்கா," என்றாள் ஜோசப்பின். முந்தின நாள் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அன்னக்கொடியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "அத்தை, என் முடி என்ன முடி? இவங்க முடியப் பாருங்க, அசந்து போயிருவீங்க!"

"வேணாம் புள்ள, விடு," என்று அன்னக்கொடி பின்வாங்குவதற்குள், ஜோசப்பின் அவள் முக்காட்டை விலக்கிவிட்டாள்.

மழுங்கச் சிரைத்த தலை. அதில் சந்தனம் காய்ந்திருந்தது.

"நீ காய்ச்சல்ல கெடந்தப்ப பழனியாண்டவருகிட்ட கேட்டேன் தாயி," என்றாள் அன்னக்கொடி, முக்காட்டை மறுபடி இழுத்து விட்டுக்கொண்டு. "இவ பொழச்சு எந்திரிக்கட்டும், கல்யாணத்துக்கு மொத நா எம் முடிய ஒனக்கே தந்துடுறேன்னு."