உள்மடிப்பு

“டெய்லரக்கா, இது ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?”

சிறுமி ஆங்கிலப் பாடப்புத்தகத்தைத் தையல் மெஷினுக்கு மேலேயே நீட்டினாள். அடாப்ட், அடாப்ட். நடுவில் ஒன்றுக்கு ஏ, இன்னொன்றுக்கு ஓ.

தையல்காரி பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

“ஏ போட்டா, புது இடத்துக்கு நம்மளப் பழக்கிக்கிறது. வந்த புதுசுல இந்த மெஷின் சத்தத்துல தூங்கப் பழகினியே, அது மாதிரி.”

“ஓ போட்டா?”

“ஓ போட்டா... ஒரு பூனைக்குட்டியக் கொண்டுவந்து நம்ம வீட்டுப் பிள்ளையா வச்சுக்கிறது.”

“பூனைய மட்டுந்தானா?”

“வாயாடி! மொதல்ல பாவாடையப் போட்டுப் பாரு.”

காப்பகத்திலிருந்து விடுமுறைக்கென்று வந்த பிள்ளை. நாளைக் காலையில் அதிகாரி வருவார். ‘இங்கேயே இருந்துவிடுகிறாயா?’ என்று சிறுமியிடம்தான் கேட்பார். அதுவரை இதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது, பிள்ளை தானாகச் சொல்லட்டும் என்று தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சீருடைப் பாவாடை அச்சில் வார்த்தது போலப் பொருந்தியது.

சிறுமி அதன் கீழ் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

விடுமுறை முழுக்கக் கடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவள் அவள். சீருடை தைக்க வரும் அம்மாக்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். வளர்ற பிள்ளை, உள்ளே நல்லா மடிச்சுத் தைங்க, வருஷா வருஷம் பிரிச்சு விட்டுக்கலாம்.

இதில் மடிப்பே இல்லை. ஓரம் அடித்ததோடு சரி.

“நான் வளர்றப்ப இங்க இருக்க மாட்டேன்ல?”

தையல்காரி அந்த ஓரத்தைப் பார்த்தாள். நிறைய மடித்து விட்டால், ‘இருந்துவிடேன்’ என்று கெஞ்சுவது போலாகிவிடுமே! அதற்குப் பயந்துதான் அளவோடு வெட்டியிருந்தாள்.

“கழட்டுடி அத!”

பாவாடை மூலைக்குப் பறந்தது. புதுத் துணி மேஜையில் விரிந்தது. இடுப்பிலிருந்து முழங்கால் வரை அளந்து கோடு போட்டாள். கோட்டுக்குக் கீழே நான்கு விரல்களை வைத்தாள்.

“மடிப்பு இவ்ளோ போதுமா?”

சிறுமி அந்தக் கையைத் தள்ளிவிட்டுத் தன் கையை வைத்தாள். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் எட்டின மட்டும் விரித்து.

முழுசாக ஒரு சாண்.