யாரும் வாங்காத கார்டு

கார்டுகளை விலைக்கு வாங்கிச் சேர்த்து ஆடும் ஆட்டம் அது. கடைக்கு வந்திருந்த புது கார்டைப் போட்டால், எதிராளி தன் கையிலிருக்கும் கார்டுகளை எல்லாம் காட்டியாக வேண்டும். போட்டியில் ஒருமுறையாவது முதல் சுற்றைத் தாண்ட ஏங்கிய அண்ணனுக்கு, அதைப் பார்த்ததும் எப்படியும் வாங்கிவிட வேண்டும் என்று தோன்றியது.

ஆனாலும் கடையில் கூடியிருந்த ஆட்டக்காரர்களிடம் உதட்டைப் பிதுக்கினான். "சுத்த வேஸ்ட். யாரும் வாங்கிடாதீங்க."

வெளியே வந்ததும் தங்கை கேட்டாள். "ஏண்ணா, நிஜமாவே வேஸ்ட்டா?"

"பிரமாதமான கார்டு. உண்மையைச் சொன்னா எல்லாரும் வாங்கிடுவாங்களே!"

போட்டியில் எதிரே வந்து உட்கார்ந்தவர், அன்று கடையில் இருந்த பல் டாக்டர். முதல் வேலையாக அந்தக் கார்டைத்தான் போட்டார். பக்கத்து மேஜைகளிலும் அதேதான்.

அண்ணன் தன் கார்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தான்.

"வேஸ்ட்டுன்னு சொன்னேனே, டாக்டர்?"

"அதான் தம்பி எல்லாரும் ஓடிப்போய் வாங்கினோம். நீ வேஸ்ட்டுன்னு சொன்ன கார்டு என்னைக்குத் தோத்திருக்கு?"